சார்ஜருக்கு கபோர்டு வேண்டாம், செவுரு போதும்

தம்பி, நீங்க கேட்டதை மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. கார் ஷெட்டுல ஒரு ஓரத்தை ஒர்க்‌ஷாப்பா மாத்தியிருக்கீங்க, பேட்டரியில ஓடற டிரில் மாதிரி டூல்ஸுக்கு மகிட்டா கம்பெனி 18 வோல்ட் சார்ஜர் ரெண்டு, அதுல ஒன்னு ஃபேன் வச்ச ஃபாஸ்ட் சார்ஜர், பாஷ் நீலக் கலர்ல 12 வோல்ட் ஒன்னு, பச்சைக் கலர்ல 18 வோல்ட் ஒன்னு, ஆன்லைன்ல வாங்கின 21 வோல்ட் டிரில்லோட டிசி பின் சார்ஜர், மாமா டல்லாஸ்ல இருந்து கொண்டு வந்த டிவால்ட் ஒன்னு, எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தொங்குது. இதை எல்லாம் பிளைவுட்ல கதவு போட்ட ஒரு கபோர்டுக்குள்ள அடுக்கணும், அளவு சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. கரண்ட் போனா இன்வர்ட்டர்ல போடலாமான்னும் ஒரு கேள்வி.

அளவு சொல்ல மாட்டேன், ஏன்னா கபோர்டே வேண்டாம்ங்கறேன். படத்துல பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா சார்ஜர்ங்கறது வேலை செய்யும்போது சூட்டை வெளிய தள்ளற சாமான். மகிட்டா ஃபாஸ்ட் சார்ஜர் டிசி18ஆர்சியை எடுத்துக்கங்க, 9 ஆம்ப்ல பேட்டரிக்குள்ள ஏத்தும், 240 வாட் இழுக்கும், 3 ஆம்பியர் அவர் (பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரிய 22 நிமிஷத்துல ஃபுல் பண்ணிடும். அந்த ஃபேன் வெளிக்காத்தை இழுத்து பேட்டரிக்குள்ள விட்டு செல்லை ஆத்திக்கிட்டே ஏத்தறதாலதான் அந்த வேகம் சாத்தியம். கதவ மூடின பெட்டிக்குள்ள வச்சீங்கன்னா அது விட்ட சூட்டையே திரும்ப இழுத்து பேட்டரிக்குள்ள ஊதும், அப்பறம் சார்ஜர் நிறுத்தி நிறுத்தி ஏத்தும், இல்லன்னா சூடு ஜாஸ்தின்னு லைட்டை மினுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும். காசு கொடுத்து ஃபாஸ்ட் சார்ஜர் வாங்கி கபோர்டுக்குள்ள வச்சு அதை ஸ்லோ சார்ஜரா ஆக்கறதுல என்ன இருக்கு சொல்லுங்க. தொறந்த செவுரு, அதுல ஒரு போர்டு, அவ்ளோதான் வேணும்.

ஆனா போர்டுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை யாரும் பண்றதில்ல. இருக்கற சார்ஜர் எல்லாத்தையும் டேபிள்ல பரப்பி ஒவ்வொன்னையும் திருப்பிப் போட்டு பின்னாடி ஸ்டிக்கரைப் படிங்க. இன்புட் எவ்ளோ, அவுட்புட் எவ்ளோன்னு பெரிய எழுத்துல வெள்ளை பெயின்ட் மார்க்கர்ல சார்ஜர் மேலயே எழுதிடுங்க, பின்னாடி இல்ல, கண்ணுக்குத் தெரியற முன்பக்கத்துல.

இதுல மொத ஆபத்து மாமா கொண்டு வந்ததுதான். அமெரிக்காவுல விக்கற டிவால்ட், மகிட்டா, ரியோபி சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது. லேப்டாப் சார்ஜர் மாதிரி 100லேர்ந்து 240 வரைக்கும் தாங்கும்னு நெனச்சு ஒரு கன்வெர்ஷன் பின்னை மாட்டி நம்ம 230 வோல்ட்ல சொருகறாங்க, டப்புனு ஒரு சத்தம், கதை முடிஞ்சுது. ஸ்டிக்கர்ல 120 மட்டும் போட்டிருந்தா அதை செவுத்துல மாட்டவே மாட்டாதீங்க, வயரை சுத்தி டேப் போட்டு, 120 மட்டும்னு எழுதி, பரண்ல போட்டுடுங்க, வீட்ல வேற யாராவது நல்லெண்ணத்துல எடுத்து சொருகிடக் கூடாது. 230ஐ 120ஆ கொறைக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமேன்னு தோணும், அந்தக் கனமான பெட்டிக்கு ஆகற காசுக்கு இங்கயே ஒரு டிவால்ட் சார்ஜர் வாங்கிடலாம். அங்க 20 வோல்ட் மேக்ஸ்னு எழுதியிருக்கறதும் மத்த நாடுகள்ல 18 வோல்ட் எக்ஸ்ஆர்னு எழுதியிருக்கறதும் ஒரே பேட்டரிதான், உள்ள அஞ்சு செட் செல், ஃபுல்லா இருக்கும்போது 20, 21ஐ ஒட்டி காட்டும், ஓடும்போது சராசரி 18. அதனால பேட்டரி வீணாகாது, இங்க வாங்கின சார்ஜர்ல நல்லா ஏறும். மாமா அடுத்த தடவ வரும்போது எக்ஸ்ட்ரா பேட்டரி கொண்டு வரச் சொன்னீங்கன்னா ஒரு விஷயம், தனி பேட்டரிய கையில எடுத்துட்டு வர்ற பையிலதான் வைக்கணும், செக்கின் பெட்டியில வைக்கக் கூடாது. 100 வாட் அவர் வரைக்கும் பிரச்சினை இல்ல, அதுக்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்ஸ்ட்ட கேட்டு ரெண்டே ரெண்டுதான். வோல்ட்டை ஆம்பியர் அவரால பெருக்கினா வாட் அவர், 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர்னா 90, தப்பிச்சுடும். 6 ஆம்பியர் அவர்னா 108, கேக்கணும்.

ரெண்டாவது ஆபத்து அந்த டிசி பின் சார்ஜர், எனக்கு இதுதான் உண்மையான பயம். கம்பெனி பேட்டரிக்கு ஒவ்வொன்னுக்கும் தனி வடிவம், ஸ்லைடு பண்ணி உள்ள போகலன்னா போகாது. பாஷ்ல கூட நீலத்தோட 18 வோல்ட்டும் பச்சையோட 18 வோல்ட்டும் ஒன்னோட ஒன்னு சேராது, பேர் ஒன்னா இருக்கேன்னு சார்ஜரைக் கொறைக்க முடியாது, ஆனா அதுல ஒரு நல்லது, தப்பு பண்ணவும் முடியாது. இந்த மலிவு டிரில்லுங்க அப்படி இல்ல, பேட்டரி பின்னாடி ஒரு உருண்டை ஓட்டை, அதுல எந்த அடாப்டரோட பின்னு வேணா போகும். லித்தியம் செல் ஒன்னு ஃபுல்லானா 4.2 வோல்ட், மூணு செல் பேக்குக்கு 12.6, நாலுக்கு 16.8, அஞ்சுக்கு 21. 12 வோல்ட் டிரில்லு பேக்குல 21 வோல்ட் அடாப்டரை சொருகினா மூணு செல் மேலயும் அளவுக்கு மீறி ஏறும், உள்ள இருக்கற பாதுகாப்பு போர்டு நல்லதா இருந்தா வெட்டிடும், அந்த விலைக்கு வர்ற டிரில்லுல அந்த போர்டு மேல நான் நம்பிக்கை வைக்க மாட்டேன். ஒய்ஃபை ரூட்டர், சிசிடிவி அடாப்டர், மசாஜர், டேபிள் லேம்ப்னு வீட்ல இருக்கற எல்லா அடாப்டரும் கல்யாண மண்டப வாசல்ல கிடக்கற செருப்பு மாதிரி ஒரே கருப்பு, ஒரே சைஸு. அதனால அந்த அடாப்டர் வயர்ல, பின் பக்கத்து முனையில ஒரு கலர் டேப் சுத்துங்க, அதே கலர் டேப்பை அந்த பேட்டரியிலயும் ஒட்டுங்க, அந்த டிரில்லோட பெட்டிக்குள்ளயே அடாப்டரும் இருக்கட்டும். பொது போர்டுல அதுக்கு இடம் கொடுக்காதீங்க. 48, 88ன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்களே, அதுலயும் பெரும்பாலும் உள்ள அதே அஞ்சு செல்லுதான், ஸ்டிக்கரை வச்சு முடிவு பண்ணாம அடாப்டர்ல அவுட்புட் என்னன்னு பாருங்க.

ஆக இப்ப உங்க கையில செவுத்துக்கு வர்றது மகிட்டா ரெண்டு, பாஷ் ரெண்டு, நாளைக்கு வாங்கப் போற டிவால்ட் ஒன்னு. இதுலயும் மகிட்டாவுக்கு எதுக்கு ரெண்டுன்னு கேப்பேன். வீட்ல ஒரு ஆள் வேலை பாக்கற இடத்துல ரெண்டு பேட்டரி, ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் போதும், ஒன்னு தீரறதுக்குள்ள இன்னொன்னு ஏறிடும். உங்களோட ரெண்டாவது, ஃபேன் இல்லாத டிசி18எஸ்டி, அதே 3 ஆம்பியர் அவருக்கு ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனா சத்தம் இல்ல, சூடும் கம்மி, அவசரம் இல்லாத நாள்ல எனக்கு அதுதான் பிடிக்கும். அதை மாட்டுங்க, மாட்டாம போங்க, அது உங்க இஷ்டம், ஆனா இருக்கறதெல்லாம் ஒரே நேரத்துல கரண்ட்ல இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல.

இப்ப இடம். உங்க ஷெட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுன்னு சொன்னீங்க. சித்திரை வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு அந்த ஷீட்டுக்கு அடியில நின்னு பாத்திருப்பீங்க, சொல்லவே வேண்டாம். மகிட்டா மேனுவல்ல 10லேர்ந்து 40 டிகிரிக்குள்ள சார்ஜ் பண்ணுன்னு போட்டிருக்கான், அந்த நேரத்துல உங்க ஷெட்டுல அந்த 40ஐ தாண்டறது பெரிய விஷயமே இல்ல. சர்க்குலர் சா (வட்ட ரம்பம்) போட்டு பிளை கிழிச்சு முடிச்ச கையோட, தொட்டா சுடற பேட்டரிய அந்த வெக்கையில சார்ஜர்ல மாட்டறதுதான் பேட்டரி ஆயுசைத் தின்னறது. அதனால ஷெட்டுலயே போர்டு வைக்கணும்னா வீட்டோட ஒட்டியிருக்கற செங்கல் செவுத்துப் பக்கம் வைங்க, ஷீட்டுலேர்ந்து எவ்ளோ கீழ முடியுமோ அவ்ளோ கீழ, மேற்கு வெயில் விழாத பக்கம். கோடையில மட்டும் காலையிலயோ பொழுது சாஞ்சோ சார்ஜ் போடுங்க, சூடான பேட்டரிய அரை மணி நேரம் நெழல்ல ஆற வச்சுட்டு மாட்டுங்க. வீட்டுக்குள்ள யூட்டிலிட்டில இடம் கெடைச்சா அது இன்னும் நல்லது, வீட்டம்மாட்ட அனுமதி வாங்கற பொறுப்பு உங்களோடது.

இடத்துலயே இன்னொரு கணக்கு இருக்கு, தூசி. மரத்தூள் வென்ட் ஓட்டைய அடைச்சு சூட்டைக் கூட்டும், அது ஒரு பங்கு. கிரைண்டர்லேர்ந்து பறக்கற இரும்புத் தூள் அதைவிட மோசம், அது கரண்ட்டைக் கடத்தும், ஃபேன் வச்ச சார்ஜர் அதை அப்படியே உள்ள இழுத்து சர்க்யூட் மேல படிய வைக்கும். ஏஜி4 (நாலு இஞ்ச் கிரைண்டர்) வச்சு இரும்பு அறுக்கற மூலைக்கும் சார்ஜர் போர்டுக்கும் நடுவுல ஷெட்டோட முழு நீளம் இருக்கட்டும், முடியலன்னா கிரைண்டிங் வேலைய வாசலுக்கு வெளிய கொண்டு போயிடுங்க. தின்னர், டர்பன்டைன், ஃபெவிகால் எஸ்ஆர் டப்பா இதெல்லாம் சார்ஜர் போர்டுக்கு மேலயும் கீழயும் கூடாது. ஷெட்ட விட்டு வெளிய ஓடற வழியிலயும் அந்த போர்டு கூடாது, எதாவது ஆச்சுன்னா அதைத் தாண்டித்தான் நீங்க வெளிய வரணும்ங்கற நெலமை வரக் கூடாது.

போர்டு எப்படி பண்ணலாம்னா, செவுத்துல நாலு ரீப்பர் கட்டைய (மெல்லிசு மரச்சட்டம்) ஃபிஷர் (செவுத்துல ஸ்க்ரூவைப் பிடிக்கற பிளக்) போட்டு அடிச்சு, அது மேல 18 எம்எம் பிளை, பிளை மேல 8 எம்எம் சிமெண்ட் போர்டு. ரீப்பர் எதுக்குன்னா மழைக்காலத்துல செவுத்து ஈரம் பிளையைத் தொடக் கூடாது. சிமெண்ட் போர்டு எதுக்குன்னா அது எரியாது, சார்ஜர் பின்னாடி மரம் இருக்கறதும் எரியாத பரப்பு இருக்கறதும் ஒன்னில்ல. அப்ப பிளை எதுக்குன்னா, சிமெண்ட் போர்டுல மட்டும் ஸ்க்ரூ போட்டா பிடிப்பு நிக்காது, அதைத் தாண்டி பிளைக்குள்ள ஏறணும், நாளைக்கு சார்ஜரை இடம் மாத்தினாலும் செவுத்தை ஓட்டை போட வேண்டாம். சிமெண்ட் போர்டுல ஓட்டை போடும்போது மாஸ்க் போட்டுக்கங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சார்ஜரைத் திருப்பிப் பாத்தா சிலதுல ரெண்டு ஓட்டை இருக்கும், ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் ஒடுங்கி, செவுத்துல மாட்டறதுக்குன்னே கொடுத்தது. அதுக்கு மேல வெள்ளைப் பேப்பரை வச்சு பென்சிலால தேச்சா ஓட்டை அச்சு விழும், அந்தப் பேப்பரையே போர்டுல ஒட்டி மட்டம் பாத்து ஸ்க்ரூ இடத்தைக் குறிச்சுடலாம், டேப் வச்சு அளந்து ஒரு எம்எம் தப்பிப் போற தொல்லை இல்ல. டிவால்ட் மேனுவல்ல 7லேர்ந்து 9 எம்எம் தலை உள்ள ஸ்க்ரூ போட்டு சுமார் 5.5 எம்எம் வெளிய நிக்க விடுன்னு சொல்லியிருக்கான், மத்ததுக்கும் அதை ஒட்டியே போட்டு மாட்டிப் பாத்து திருகிக்கலாம். நீளம் ஒன்னேகால் இஞ்ச் சரியா இருக்கும். ஓட்டை இல்லாத சார்ஜரை டபுள் டேப் போட்டு ஒட்டாதீங்க, சூட்டுல எளகி பேட்டரியோட கீழ விழும், சார்ஜர் உடம்புல நீங்களா டிரில் போடறது அதைவிட மோசம். அதுக்கு ஒரு சின்ன ஷெல்ஃப் போடுங்க, முழுப்பலகையா வேண்டாம், ரெண்டு பட்டையை இடைவெளி விட்டு வச்சு அது மேல உக்கார வைங்க, அடியில இருக்கற வென்ட் தொறந்தபடி இருக்கும், தூளும் தேங்காது. ஃபேன் வச்சது படுத்த நெலையில ஷெல்ஃப்ல இருக்கறதே எனக்கு சரின்னு படுது, பேட்டரியோட எடை அதை இழுக்காது.

ஒரு சார்ஜருக்கும் இன்னொன்னுக்கும் நடுவுல நாலு இஞ்ச், மேல ஒரு சாண் விடுங்க. வெறும் சார்ஜரை வச்சுப் பாத்து இடம் குறிச்சுட்டு அப்பறம் பேட்டரி உள்ள போகலன்னு முழிக்கறவங்க நெறைய, அதனால ஒவ்வொன்னுலயும் இருக்கறதுலயே பெரிய பேட்டரிய மாட்டி, கழட்டி, கை எவ்ளோ தூரம் போகுதுன்னு பாத்துட்டு குறிங்க. உயரம் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவுல, லைட்டு தெரியணும்ல.

கரண்ட் பக்கம் வருவோம். எல்லாரும் லோடுன்னுதான் பயப்படறாங்க. கூட்டிப் பாருங்க, ஃபாஸ்ட் சார்ஜர் 240 வாட், மத்தது ஒவ்வொன்னும் நூறுக்குள்ள, எல்லாம் ஒன்னா ஓடினாலும் 500 வாட் பக்கம், கொஞ்சம் தாராளமா வச்சாலும் மூணு ஆம்ப்தான், ஒரு 6 ஆம்ப் லைனுக்கு அது ஒன்னுமே இல்ல. பிரச்சினை அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கற லூஸ் காண்டாக்ட். எந்த நாட்டு பின்னும் போற மாதிரி ஓட்டை வச்ச பாக்ஸ்ல எந்த பின்னையும் உள்ள இருக்கற தகடு சரியாப் பிடிக்காது, சார்ஜர்ல வர்ற மெல்லிசு ரெண்டு பின்னு ஆடிக்கிட்டே இருக்கும், உள்ள சின்னச் சின்னதா பொறி தட்டும், கருகின வாசம் வரும், பிளாஸ்டிக் பழுப்பாகும். அதோட அதே பாக்ஸ்ல ஒரு நாள் ஹீட் கன்னை சொருகுவீங்க, 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்ப், அப்பதான் அந்த லூஸ் இடம் உருகும். அதனால எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இதுலேர்ந்து எடுத்துடுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 12 மாட்யூல் பாக்ஸ் ஒன்னு போர்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, 6 ஆம்ப் சாக்கெட் ஒன்னு ரெண்டு மாட்யூல், சுவிட்ச் ஒரு மாட்யூல், நாலு சாக்கெட் நாலு சுவிட்சுக்கு பாக்ஸ் கச்சிதமா நெறையும். நல்ல கம்பெனி சாக்கெட், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், தனி எம்சிபி (லோடு மீறினா தானா விழற சுவிட்ச்), வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா வெட்டறது) இல்லன்னா அதையும் இதே சாக்குல போட்டுடுங்க. பவர் டூல்ஸுக்கு 16 ஆம்ப் லைன் வேற, 2.5 வயர்ல, அது தனியா இருக்கட்டும்.

அஞ்சு சார்ஜருக்கு நாலு சாக்கெட்டான்னு கேப்பீங்க. வேணும்னுதான் சொல்றேன். அஞ்சாவது தேவைப்படற அன்னிக்கு ஒன்னைப் புடுங்கிட்டு மாட்டுங்க. ஒவ்வொன்னுக்கும் தனி சுவிட்ச் இருக்கறதுதான் இந்த ஏற்பாட்டுலயே எனக்கு முக்கியம், எது வேணுமோ அது மட்டும் ஆன், வேலை முடிஞ்சு வெளிய வரும்போது எம்சிபியவே இறக்கிட்டு வந்துடலாம், இடி மின்னல் நாள்ல கவலை இல்ல. இன்னொரு லாபம் பல்லி. சிரிக்காதீங்க, ராத்திரியெல்லாம் கரண்ட்ல இருக்கற சார்ஜர் வெதுவெதுன்னு இருக்கும், லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், வென்ட் வழியா உள்ள போய் சர்க்யூட் மேல செத்துக் கிடக்கும், அதோட சார்ஜரும் போகும். வென்ட்டுக்கு கொசு வலை ஒட்டலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு, காத்தை அடைக்கற எதுவும் வேண்டாம், ஆஃப் பண்ணி வச்சாலே பாதி பிரச்சினை போயிடும்.

வயர் நீளமா இருக்கேன்னு வெட்டாதீங்க, வாரண்ட்டி போயிடும். எட்டு மாதிரி மடிச்சு வெல்க்ரோ பட்டை போட்டு லூசா கட்டி, பாக்ஸுக்குக் கீழ ஒரு பிவிசி சேனல் அடிச்சு அதுக்குள்ள விட்டுடுங்க.

பேட்டரிக்கு பெருசா ஒன்னும் சொல்றதுக்கில்ல. போர்டுக்கு எடது பக்கம் ஒரு டிரே, தீந்தது அங்க விழணும், வலது பக்கம் ஒரு தட்டு, ஏறினது அங்க போகணும், சார்ஜர்லயே எதையும் விட்டு வைக்கக் கூடாது. மகிட்டா ஃபாஸ்ட் சார்ஜர் ஏறி முடிஞ்சா பாட்டு வேற பாடும், ட்யூன் கூட மாத்திக்கலாம், மறக்க வழியே இல்ல. ஒவ்வொரு பேட்டரியிலயும் நம்பரும் வாங்கின மாசமும் எழுதிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு எது சீக்கிரம் சாகுதுன்னு கண்டுபிடிக்க அது ஒன்னுதான் வழி. கூட வர்ற பிளாஸ்டிக் மூடிய தூக்கிப் போடாதீங்க, ஆணி டப்பாவுக்குப் பக்கத்துல வெறும் டெர்மினலோட பேட்டரி கெடக்கறது நல்லதில்ல. மாசக்கணக்குல தொடாத பேட்டரிய பாதி சார்ஜ்ல வீட்டுக்குள்ள வைங்க, ஷெட்டுல வேண்டாம், ஆறு மாசத்துக்கு மேல சும்மா இருந்தா ஒரு தடவ எடுத்து ஏத்தி வைங்க.

ராத்திரி போட்டுட்டு தூங்கப் போற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், 22 நிமிஷத்துல ஏறற சாமானுக்கு எதுக்கு ராத்திரி. ஊதிப் போனது, கீழ விழுந்து வெடிப்பு விட்டது, தண்ணி போனது எதையும் திரும்ப சார்ஜர்ல வைக்காதீங்க. சார்ஜர்ல இருக்கற பேட்டரியிலேர்ந்து புகை வந்தா கையால புடுங்கப் போகாதீங்க, எம்சிபிய இறக்குங்க, வெளிய வாங்க, 101க்கு ஃபோன் போடுங்க, அந்தப் புகைய சுவாசிக்கக் கூடாது. செத்த பேட்டரிய காயலான் கடைக்குப் போடாதீங்க, அங்க சுத்தியல் வச்சுதான் பிரிப்பாங்க. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கறவங்களே திரும்ப வாங்கி ரீசைக்கிள் பண்ண ஏற்பாடு பண்ணணும், சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, டெர்மினல்ல டேப் ஒட்டிக் கொண்டு போங்க.

இன்வர்ட்டர் கேள்விக்கு, உங்களோடது சைன் வேவ்னா (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா தர்ற வகை) போடலாம், ஃபாஸ்ட் சார்ஜருக்கு பதிலா அந்த ஃபேன் இல்லாததைப் போடுங்க, வீட்டு ஃபேன் லைட்டுக்கு இருக்கற பேட்டரிய இது குடிச்சுடக் கூடாது. பழைய ஸ்கொயர் வேவ்னா வேண்டாம், சார்ஜர் கூடுதலா சூடாகும், உள்ள இருக்கற பார்ட்ஸுக்கும் நல்லதில்ல. ஜெனரேட்டர்ல போடக் கூடாதுன்னு மகிட்டா மேனுவல்லயே இருக்கு, கட்டட வேலைக்கு வாடகைக்கு எடுத்த ஜென்செட் பக்கத்துல ஓடுதேன்னு அதுல சொருகிடாதீங்க. ஒரு பேட்டரி எப்பவும் வலது பக்கத் தட்டுல ஃபுல்லா இருந்தா கரண்ட் வர்ற வரைக்கும் அதுலயே ஓட்டிடலாம். போர்டு மாட்டறதுக்கு முன்னாடி சார்ஜர் ஸ்டிக்கர் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, அந்த டிவால்ட்டோடதை மொதல்ல பாத்துச் சொல்றேன்.